முன்விளக்கு கிட் வாங்குமுன்: கோளாறின் அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

"அண்ணே, எந்த எல்.இ.டி. கிட் நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் உடனே எந்தக் கிட்டின் (முன்விளக்கில் பழைய பல்புக்குப் பதில் மாட்டும் தொகுப்பு) பெயரையும் சொல்வதில்லை. "உங்களுக்கு என்ன கஷ்டம், அதை முதல்ல சொல்லுங்க" என்பேன். மழையில் ரோட்டுக் கோடு தெரியவில்லையா, எதிரில் வருகிறவர் திட்டுகிறாரா, பத்து நிமிடத்தில் வெளிச்சம் இறங்குகிறதா, ஒரு பக்கம் துடிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. காரணம் பார்க்காமல் வாங்கி மாட்டிய கிட்டுகளைத்தான் என் வயர்மேன் வேலையில் அதிகம் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஊரைத் தாண்டி லிந்தாங் பக்கம் திரும்பினால் செம்பனையும் ரப்பர் பால்மரமும்தான். தெருவிளக்கு அரிது, கரும்பச்சை ஓலை வெளிச்சத்தைத் தின்றுவிடும். பழக்குலை லோரியிலிருந்து விழுந்த உதிரிப் பழமும் மட்டையும் வளைவில் கிடக்கும். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிய பிறகு நமக்கு விடிவதே ஏழு மணி வாக்கில்தான். ஆறு மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போகிறவரின் மோட்டாரும், பள்ளி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிற பிள்ளைகளும் முழு இருட்டில் இருக்கிறார்கள். அவர்களை நாம் பார்க்க வேண்டும், நம் விளக்கு அவர்கள் கண்ணைக் கட்டிவிடவும் கூடாது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துச் சொன்னவை.

முதலில் ஒரு சுவர்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். சமதரையும் வெளிர்நிறச் சுவரும் வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், பின்னால் சாமான் அறையில் சுமை வேண்டாம், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிறகு நேராக 5 மீட்டர் பின்னால் எடுங்கள். லோபீம் (கிட்டத்துக்கான தாழ் வெளிச்சம்) போட்டு, ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

ஆரோக்கியமான விளக்கு சுவரில் ஒரு கோடு போடும். கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம், எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அந்தக் கோடு உங்கள் டேப்புக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு இந்தக் கணக்கில் 60 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். கோட்டின் இடப்பக்கம் மட்டும் சற்று மேல்நோக்கி ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு, அந்த ஏற்றம் ரோட்டோரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக.

பழைய ஹாலஜன் (இழை சூடேறி எரியும்) பல்பு காரில் இருக்கும்போதே இதைப் படம் எடுத்து வையுங்கள். எந்தக் கிட்டை மாட்டினாலும் அதே இடத்தில், அதே சுவரில் இன்னொரு படம். கிட்டின் தரத்தை அளக்க இதைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது.

"பழைய லைட்டே மங்கலா இருக்கு, கிட் போட்டா சரியாயிடுமா?"

பெரும்பாலும் கிட் தேவைப்படாது. வரிசையாகப் பாருங்கள்.

விளக்கின் முன்கூடு பாலிகார்பனேட். வெயிலில் நிற்கும் கார்களில் சில வருடங்களில் மஞ்சளாகி மூடுபனி பிடித்ததுபோல் ஆகிவிடும். அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்தவுடன் தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளிப்பரப்பில்தான். 1000, பிறகு 2000, பிறகு 3000 என்று தண்ணீர் விட்டு மணல்தாள் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புறஊதாத் தடுப்புப் பூச்சு அடித்தால் சரியாகிவிடும். பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். பற்பசை தேய்ப்பது சில வாரங்களுக்குத்தான் காணும்.

உள்ளே வெள்ளிபோல் மின்னும் பிரதிபலிப்பான் கருத்தோ உரிந்தோ இருந்தால் எந்தப் பல்பும் காப்பாற்றாது. கூட்டையே மாற்ற வேண்டும். பொத்தோங் கடையில் (பழைய கார்களைப் பிரித்துப் பாகம் விற்கும் கடை) பழைய கூடு வாங்குகிறவர்கள் அதில் அச்சாகியிருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். விளக்குக்கு நேர்முன் நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலது பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். ஐரோப்பிய முத்திரை இருந்தும் அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு உரியது. அதை இங்கே மாட்டினால் மேலேறும் வெளிச்சம் எதிரில் வருகிறவர் முகத்தில்தான் விழும்.

மூன்றாவது, மின்னழுத்தம். இதை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். விளக்கு எரியும்போதே பல்பு சாக்கெட்டின் பின்பக்கம் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, சாக்கெட்டில் 12.4 மட்டும் வந்தால் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே தொலைகிறது. ஹாலஜனில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். பல பழைய கார்களில் விளக்கின் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சு வழியாகப் போய் வருகிறது. மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்சு, துருப்பிடித்த எர்த் மூன்றும் சேர்ந்து வெளிச்சத்தை விழுங்குகின்றன.

இதற்கு மருந்து ரிலே வயரிங். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்குப் போகும், 87-இலிருந்து பல்புக்கு. பழைய விளக்கு வயர் 85, 86 வழியாக ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட் வைத்து முறுக்குங்கள். இதோடு ஒரு ஜோடி நல்ல புது ஹாலஜன் மாட்டிப் பாருங்கள். கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். நீலப் பூச்சு அடித்த ஹாலஜனையும் தவிருங்கள். அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது.

இவ்வளவும் செய்தபின் கிட் வாங்காமலே திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் நிறைவாக இருக்கிறது.

"எதிர்ல வர்றவங்க எல்லாம் ஹைபீம் அடிச்சுக் காட்டுறாங்க"

வேலைக்கு வந்த புதிதில் என் புரோட்டான் வீரா காரில் ஒரு எச்.ஐ.டி. (மின்வில்லில் எரியும் விளக்கு) கிட் மாட்டியிருந்தேன். ஒரு விடிகாலையில் எதிரே வந்த மோட்டார் தடுமாறிப் புல்லுக்குள் இறங்கி நின்றது. நான் நிறுத்தி ஓடினேன். பால்வெட்டுக்குப் போகிற பெரியவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். "தம்பி, ரோடே தெரியல" என்றார், அவ்வளவுதான். அடி ஏதும் இல்லை. அன்று சாயங்காலம் என் காரின் விளக்கைப் போட்டுவிட்டு முப்பது மீட்டர் தள்ளி, மோட்டாரில் உட்காருகிற உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். அன்றைக்கே கழற்றிவிட்டேன். நீங்களும் ஒருமுறை அப்படிப் போய் நின்று பாருங்கள், எந்தக் கிட்டாக இருந்தாலும்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்தால் எதை வாங்கலாம் என்பதும் புரிந்துவிடும். நம் ஊர்ப் பழைய கஞ்சில், வீரா, முதல் தலைமுறை மைவி போன்ற கார்களில் எச்4 என்ற வகைப் பல்புதான். ஒரே பல்பில் இரண்டு இழைகள். லோபீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். இழையின் வெளிச்சம் பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் படாமல் அது தடுக்கிறது. கீழ்ப்பாதியில் பட்ட வெளிச்சம் மேல்நோக்கித்தான் தெறிக்கும். சுவரில் அந்தக் கத்திவெட்டுக் கோடு பிறப்பது இந்தக் கிண்ணத்தால்தான். பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த இழை எங்கே இருக்கிறதோ அந்தப் புள்ளிக்காகக் கணக்குப்போட்டுச் செய்தது. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சுவரில் கோடு கலங்கிவிடும்.

எச்.ஐ.டி.யில் இழை கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவே மின்வில் எரிகிறது. 35 வாட் பல்பு சுமார் 3200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும், எச்4 லோபீமுக்கு உரியது 1000 லூமன். மூன்று மடங்கு வெளிச்சத்தை, வடிவம் வேறுபட்ட ஒளிமூலத்திலிருந்து, அதற்காகச் செய்யாத கூட்டுக்குள் ஊற்றினால் அது சிதறத்தான் செய்யும். சாதாரணப் பிரதிபலிப்பான் கூட்டில் எச்.ஐ.டி. மாட்டியவருக்கு என் பதில் ஒன்றுதான்: கழற்றிவிடுங்கள். அதைச் சரிசெய்யும் திருகு எதுவும் இல்லை.

எல்.இ.டி. கிட் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில், சிப்புகள் எந்தத் திசையில் நிற்கின்றன? கடிகார முகமாக நினைத்தால் ஒரு பக்கச் சிப்பு 3 மணியிலும் மறுபக்கம் 9 மணியிலும் இருக்க வேண்டும், அதாவது இடமும் வலமும் பார்த்து. மேலும் கீழும் பார்த்தால் கோடு காணாமல் போய்விடும். நல்ல கிட்டில் வளையத்தைத் தளர்த்திப் பல்பைத் திருப்பிச் சரிசெய்யலாம். திருப்பவே முடியாத கிட்டை வாங்காதீர்கள்.

அடுத்து, பல்பு கூட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? பின்னால் விசிறியும் வெப்பத்தகடும் பருமனாக இருப்பதால் பிடிகம்பி சரியாக விழாமல் பல்பு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். சுவரில் ஒரு விளக்கின் கோடு மட்டும் சரிந்து தெரிந்தால் பெரும்பாலும் இதுதான்.

பிறகு, பழைய ஹாலஜனையும் எல்.இ.டி.யையும் அடித்தட்டு சமமாக வரும்படி பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இழை இருக்கும் அதே உயரத்தில் சிப்பு இருக்கிறதா? சிப்பு வரிசை இழையைப்போல் ஒடுக்கமாக இருக்கிறதா, இல்லை பெரிய மஞ்சள் சதுரமாக இருக்கிறதா? இரண்டு சிப்புகளுக்கு நடுவிலுள்ள தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. எச்4 என்றால் லோபீம் சிப்புக்கு அடியில் அந்தக் கிண்ணத்தின் நகல் இருக்கிறதா? இது இல்லாத எச்4 எல்.இ.டி.யைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, கோடு தெளிவாகவும் இருந்து, உயரம் மட்டும் தவறியிருந்தால்தான் விளக்கின் திருகைத் தொட வேண்டும். கோடே இல்லாத விளக்கைக் கீழே இறக்குவதால் என்ன ஆகும்? கண் கூசுவது கொஞ்சம் குறையும், உங்களுக்குத் தூரப் பார்வையும் போய்விடும். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

"கார் முன்னால பளீர்னு இருக்கு, தூரத்துல ஒன்னுமே தெரியல"

இது எல்.இ.டி. மாட்டியவர்கள் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கும் குறை, ஏனென்றால் முதல் நாள் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். பொன்னட்டுக்கு முன்னால் பத்து மீட்டர் வரை பால் ஊற்றியதுபோல் வெளிச்சம் கொட்டும். அந்த வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கிவிடும். அறுபது மீட்டரில் நிற்கும் மாடு அதனால் இன்னும் இருட்டுக்குள் போய்விடும்.

சுவரில் பார்த்தால் புரியும். ஹாலஜன் படத்தில் கோட்டை ஒட்டி, நடுவிலும் சற்று இடப்பக்கமும், மிகப் பிரகாசமான ஒரு பொட்டு இருக்கும். தூரத்துக்குப் போகிற வெளிச்சம் அதுதான். கிட் படத்தில் அந்தப் பொட்டு கலைந்து வெளிச்சம் கீழே பரந்து கிடந்தால், சிப்பு தவறான இடத்தில் இருக்கிறது. வளையத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பொட்டு கூடி வரவில்லையென்றால் அந்தக் கிட் உங்கள் கூட்டுக்குப் பொருந்தவில்லை. அதே கிட் வேறொரு காரில் நன்றாக இருக்கலாம். அதனால் "மச்சான் காரில் சூப்பரா இருக்கு" என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

"மழை பெய்ஞ்சா லைட்டே போடாத மாதிரி இருக்கு"

நிறத்தைப் பாருங்கள். 3000 கெல்வின் மஞ்சள், 4300 இளவெள்ளை, 6000 வெள்ளையில் நீலம் கலந்தது, 8000 நீலம் தூக்கலானது. எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நிறத்தின் எண், பலத்தின் எண் இல்லை. காரோடு வரும் எச்.ஐ.டி. விளக்குகளையே 4300 கெல்வின் பக்கம்தான் வைக்கிறார்கள். கறுத்த ஈரத் தாரில் நீல வெளிச்சம் விழுந்த இடம் தெரியாமல் போவதை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் மதியத்துக்குமேல் கொட்டுகிற மழைக்கும், விடிகாலையில் மலையடிவாரத்தில் இறங்கும் பனிக்கும் 4300 முதல் 5000 வரை போதும். மழையில் ஹைபீம் போடாதீர்கள், துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

"முதல் அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கு, அப்புறம் மங்குது"

சூடு. ஹாலஜன் தன் சூட்டை முன்னால் வெளிச்சத்தோடு அனுப்பிவிடும். எல்.இ.டி. தன் சூட்டைப் பின்னால் சிப்பின் அடியில் சேர்க்கும். அது வெளியேறாவிட்டால் நல்ல கிட் தானாக மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், மலிவானது கருகிவிடும்.

பொன்னட்டைத் திறந்து விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். நம் செம்மண் புழுதி மெல்லிய பொடி, அந்தச் சின்ன விசிறிக்குள் புகுந்து இறுக்கிவிடும். தோட்டத்து உள்ரோட்டில் தினமும் ஓடும் காருக்கு விசிறி இல்லாத, பெரிய அலுமினியத் தகடு வைத்த கிட் அதிக நாள் உழைக்கும், கூட்டுக்குப் பின்னால் இடம் இருந்தால். அடுத்து ரப்பர் மூடியைப் பாருங்கள். விசிறியை மூடிக்குள்ளேயே அடைத்துவிட்டால் அது அதே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும். தகடு மூடிக்கு வெளியே நிற்க வேண்டும்.

கடையில் சோதிக்க எளிய வழி: போட்டவுடன் ஒரு முறை, பதினைந்து நிமிடம் கழித்து ஒரு முறை, மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். வெகுவாக இறங்கியிருந்தால் வெளிச்சமும் இறங்கியிருக்கும்.

"ஒரு பக்கம் எரியல" அல்லது "துடிக்குது"

இடது பல்பை வலதிலும் வலதை இடதிலும் மாட்டுங்கள். கோளாறு பல்போடு நகர்ந்தால் பல்பு. அதே பக்கம் நின்றால் வயர், ஃபியூஸ், எர்த். எல்.இ.டி.யில் பல்பையும் அதன் டிரைவர் பெட்டியையும் (பல்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பெட்டி) தனித்தனியாக மாற்றிப் பார்க்கலாம், எச்.ஐ.டி.யில் பல்பையும் அதே வேலை செய்யும் பாலஸ்ட் பெட்டியையும். எச்.ஐ.டி. பற்றவைக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும். சுவிட்சை அணைத்து, பேட்டரி எர்த்தையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எச்.ஐ.டி. வெளிச்சம் இளஞ்சிவப்பாக மாறுவது பல்பு கிழடாகிவிட்டதன் அடையாளம்.

துடிப்பு என்றால் காரின் வயதைக் கேட்பேன். பழைய காராக இருந்தால் முதலில் எர்த்தும் சாக்கெட்டும். புதிய கார்களில் சிலவற்றில் கணினி விளக்குக்கு மின்சாரத்தைத் துண்டுதுண்டாக அனுப்பும், பல்பு உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிக்கும். எல்.இ.டி. குறைவாக இழுப்பதால் பல்பு போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். அந்தக் காருக்கு டிகோடர் (கணினியின் இந்தச் சோதனையைச் சமாளிக்கும் பாகம்) உள்ள கிட் வேண்டும். சுமைக்காக 6 ஓம் ரெசிஸ்டர் மாட்டுகிற வழியும் உண்டு. அது 14 வோல்ட்டில் 30 வாட்டுக்கு மேல் சூடாக வெளியேற்றும். பிளாஸ்டிக்கிலோ வயர்க்கட்டிலோ கட்டிவைத்தால் உருகிவிடும், உலோகத்தில் போல்ட் வைத்துப் பிடிக்க வேண்டும்.

"லோபீம் வருது, ஹைபீம் வரல" அல்லது "நீல விளக்கு எரியல"

எச்4-க்கு மூன்று கால்கள், அதில் ஒன்று பொது. சில கார்களில் பொதுக் கால் எர்த். ஜப்பானிய வயரிங் உள்ள பல கார்களில் பொதுக் கால் பாசிட்டிவ், சுவிட்சு எர்த் பக்கத்தைத்தான் வெட்டுகிறது. ஹாலஜனுக்கு இரண்டும் ஒன்றுதான், எல்.இ.டி. டிரைவருக்கு அப்படி இல்லை. வாங்கும்போதே "ரெண்டு வகை வயரிங்குக்கும் ஓடுமா" என்று கேளுங்கள். ஹைபீம் எரிந்து, மீட்டரில் நீல விளக்கு மட்டும் வராவிட்டால் இதே காரணம்தான். அதற்கென்று இணைப்பு வயர் விற்கிறது. நீல விளக்கு இல்லாமல் ஓட்டிப் பழகாதீர்கள், ஹைபீம் போட்டிருப்பதே மறந்துவிடும்.

"லைட் போட்டா மின்னல் எஃப்.எம். கரகரங்குது"

டிரைவர் பெட்டி கிளப்பும் மின் இரைச்சல் வானொலியில் கேட்கிறது. இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தை டிரைவர் வயரில் மாட்டி, பெட்டியை ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் கிட்டைத் திருப்பிக் கொடுங்கள். உள்ளே வடிகட்டும் பாகங்களை வைக்காமல் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள், வேறு எதையெல்லாம் விட்டிருப்பார்களோ.

"கூட்டுக்குள்ள தண்ணி"

மழைக்குப் பிறகு மெல்லிய ஆவி படிந்து, கொஞ்ச நேரம் ஓட்டியதும் மறைந்தால் கவலை வேண்டாம். கூட்டுக்கு மூச்சுத்துளை உண்டு. எல்.இ.டி. முன்கூட்டை ஹாலஜன் அளவுக்குச் சூடாக்காது, அதனால் ஆவி போக முன்னைவிட நேரமாகும். துளித்துளியாக நின்றாலோ அடியில் தேங்கினாலோ ஓட்டை இருக்கிறது. கிட் மாட்டும்போது ரப்பர் மூடியைக் கத்தியால் அறுத்திருப்பார்கள். புது மூடி வாங்கி, வயர் நுழையுமளவு மட்டும் துளையிட்டு மாட்டுங்கள். தண்ணீர் வடியட்டும் என்று கூட்டின் அடியில் துளை போடுவதைப் பார்த்திருக்கிறேன், அது புழுதிக்குத்தான் வாசல்.

"சாக்கெட் உருகிப் போச்சு"

100 வாட் ஹாலஜன் போட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 55 வாட்டுக்குச் செய்த வயரும் சாக்கெட்டும் தாங்காது. பீங்கான் சாக்கெட் மாட்டி, 60/55 வாட்டுக்கே திரும்புங்கள்.

வாங்கப் போகும்போது

பெட்டியின்மேல் போட்டிருக்கும் எண்களை ஒரு வகுத்தலில் சோதித்துவிடலாம். ஜோடி 200 வாட் என்றால் 13.5 வோல்ட்டில் ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்க வேண்டும். விளக்கின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அது போகாமல் நிற்கிறதே, பிறகு எங்கே 200 வாட்? மாட்டிப் பார்த்தால் ஒரு பல்பு 1.5 ஆம்பியர் இழுக்கும், அதாவது 20 வாட். எல்.இ.டி. பல்பு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்தால் 2000 லூமன். அது போதுமான வெளிச்சம்தான். பெட்டியில் 20,000 என்று போட்டவர் வேறு எதில் உண்மை சொல்வார் என்பதுதான் என் கேள்வி. வாட்டும் லூமனும் அடக்கமாகப் போட்டு, ஒரு வருட உத்தரவாதமும் கொடுக்கிற கிட் என் கையில் அதிகம் ஏமாற்றியதில்லை.

வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உள்ள முத்திரையைக் காட்டி "ஐரோப்பிய ஒப்புதல்" என்பார்கள். அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும், மலேசியாவின் எண் 52. கூடவே எந்த விதியின் கீழ் என்பதையும் பாருங்கள். எல்.இ.டி. கிட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது 10-ஆம் விதி. அது வானொலி இரைச்சல் சம்பந்தப்பட்டது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த எச்.ஐ.டி., எல்.இ.டி. விளக்குக்குத் தடையில்லை. 2017-இல் வந்த மைவி எல்.இ.டி. விளக்கோடுதான் வந்தது, அதை நோண்டவே வேண்டாம். நாமாகப் பிறகு மாட்டும் எச்.ஐ.டி.யை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்கிறது. எல்.இ.டி. பல்பு மாட்டினாலும், ஹாலஜனுக்கு என்று ஒப்புதல் வாங்கிய கூட்டில் வேறு ஒளிமூலம் வைத்தால் அந்த ஒப்புதல் அதற்குப் பொருந்தாது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி உண்டு, அதுவும் குறிப்பிட்ட கார் மாடல்களின் பட்டியலோடு மட்டும். பல்பு மட்டும் நன்றாக இருந்தால் போதாது, கூட்டோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. காரை விற்கும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 என்ற உரிமை மாற்றச் சோதனைக்குப் போனால் விளக்கையும் பார்ப்பார்கள்.

அதனால், கிட் மாட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பழைய வயரை வெட்டக் கூடாது, பழைய ரப்பர் மூடியை அறுக்கக் கூடாது, எல்லாம் சொருகி எடுக்கிற இணைப்பாக இருக்க வேண்டும். கழற்றிய இரண்டு ஹாலஜனையும் கண்ணாடி உரசாமல் துணியில் சுற்றி, டேஷ்போர்டு அறையில் போட்டுவையுங்கள். ராத்திரி லிந்தாங் ரோட்டில் டிரைவர் பெட்டி கருகினாலும், பத்து நிமிடத்தில் பழைய பல்பை மாட்டி வீடு போய்ச் சேரலாம்.